கைமாற்று

ஹோருசிப் ஆற்றின் நடுவில் நின்றபோதுதான்
எனக்கு மின்சாரம் புரிந்தது.
நமீபியாவின் வடமேற்கில் ஆறு என்றால் மணல்.
தண்ணீர் எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி.

முதல் தடவை நானே பூட்டினேன்.
பழைய பேட்டரி, அதன் பக்கத்தில் இன்னொன்று.
கூட்டலைக் கூட்டலோடு, கழித்தலைக் கழித்தலோடு.
இரண்டு இருந்தால் இரட்டிப்பு என்று ஒரு கணக்கு.
பின்னால் குளிர்பெட்டி,
அதற்குள் அறுநூறு மாடுகளுக்கான தடுப்பூசி.
ராத்திரி முழுக்க அது உறுமி உறுமி
இரண்டையும் ஒன்றாகவே குடித்திருக்கிறது.

விடிந்ததும் சாவியைத் திருப்பினேன்.
டக்.
மறுபடியும் டக்.
கெஞ்சினால் எழுந்திருக்காது டீசல் எஞ்சின்,
பிடித்து உலுக்க வேண்டும்.
எதிர்க்கரையில் ஒரு யானை
அனா மரத்தை உலுக்கிக் காய் தின்றுகொண்டிருந்தது.
நாற்பது கிலோமீட்டருக்கு
வேறு யாரும் எதையும் உலுக்கவில்லை.

மறுநாள் மாலை கவேசெரி கழுதை வண்டியோடு வந்தான்.
பெட்டியைத் திறந்தோம். பதினேழு டிகிரி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் புதைத்தேன், அறுநூறு.
அதில் முப்பத்தொன்று அவன் மாடுகளுக்கு உரியவை.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

ஒபூவோவில் கெசினாவின் பட்டறை.
என் வயரிங்கைப் பார்த்தாள்,
சிகரெட்டை அணைத்தாள்.
"சேர்த்துக் கட்டினால் சேர்ந்தே சாகும்" என்றாள்.
காற்று வடிகட்டிக்கு அருகே தகடு வெட்டி, வளைத்து,
இல்லாத இடத்தில் ஓர் இடம் பற்றவைத்தாள்.
சுண்டுவிரல் பருமனில் செப்புக் கம்பி.
இரு முனையிலும் ஃப்யூஸ்,
பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்.
சட்டத்தின் பெயிண்டைச் சுரண்டி
வெறும் இரும்பு தெரிந்த பிறகே எர்த்தை முடுக்கினாள்.

நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி,
தீப்பெட்டிகள் இரண்டை அடுக்கிய அளவு.
எஞ்சின் ஓடி முதல் பேட்டரி
பதின்மூன்று புள்ளி மூன்று வோல்ட்டைத் தொட்டால்
டிக், கதவு திறக்கும்.
பன்னிரண்டு புள்ளி எட்டுக்கு இறங்கினால்
டிக், சாத்திக்கொள்ளும்.
தன் வயிறு நிறைந்த பிறகே பந்தி.
கஞ்சத்தனம் என்று சிரித்தேன்.
"கிளப்புவதற்கு ஒன்று, செலவழிப்பதற்கு ஒன்று" என்றாள்.
சிரிக்காமல் பில் எழுதினாள், என் இரண்டு மாதச் சம்பளம்.
கேட்காமலேயே ஸ்டீயரிங்குக்கு அடியில்
ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்திருந்தாள்.
"இது எதற்கு?"
"கைமாற்றுக்கு."

ஜூலையில் புது மருந்தோடு திரும்பினேன்.
கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்த இரவு,
போர்வைக்குள்ளும் பல் கிட்டியது.
காலையில் குளிர்பெட்டி மூன்று டிகிரி, பச்சை விளக்கு.
சாவியைத் திருப்பினேன்.
டக்.

இந்தத் தடவை யாரும் திருடவில்லை.
தானாகவே செத்திருந்தது முதல் பேட்டரி,
உள்ளே ஏதோ ஒரு தகடு முறிந்து.

பொத்தானில் கட்டைவிரலை வைத்தேன், அழுத்தவில்லை.
அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும்.
எழுந்தால் எஞ்சின்.
எழாவிட்டால் எஞ்சினும் இல்லை, மருந்தும் இல்லை,
மறுபடியும் மண்வெட்டி.
குளிர்பெட்டியை அணைத்தேன்.
பானட்டில் வெயில் ஏறும்வரை,
ஒன்பதரை மணிவரை, காத்திருந்தேன்.
க்ளோ ப்ளக்கை இரண்டு முறை சூடாக்கினேன்.
பிறகு அழுத்திப் பிடித்துத் திருப்பினேன்.

முக்கியது.
நின்றது.
மறுபடி முக்கி, கரும்புகை கக்கி,
கிழட்டு ஒட்டகம்போல் பின்பக்கத்தைத் தூக்கி எழுந்தது.
நான் விரலை எடுக்க மறந்திருந்தேன்.

கவேசெரியின் பட்டிக்கு வெளியே நிறுத்தினேன்,
அணைக்காமல்.
அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஊசி போட்டோம்.
கொம்பைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தான்.
இருபத்தெட்டு.
மீதி மூன்றை நான் கேட்கவில்லை.
அவன் பானட்டின் மேல் கை வைத்து
கொஞ்ச நேரம் அந்த அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அணைத்துவிடாதே" என்றான்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.