இடப்பக்கம்

மார்ச் இருபத்தாறு, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு
என் இடது சிறுநீரகம்
குழந்தைவேலுவுக்குள் போயிருக்க வேண்டும்.

வி.ஏ.ஓ. கையெழுத்து, ரேசன் கார்டு,
கல்யாண போட்டோவில் அவர் முழிக்கிற முழி,
எல்லாம் கொடுத்தாயிற்று.
மதுரையில் குழுவின் முன்னால்
'யாரும் பணம் தரலையே?' என்று கேட்டார்கள்.
'மூணு வருசமா ஒரு சேலைகூட எடுத்துத் தரலை' என்றேன்.
சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்கள்.

செவ்வாய் ராத்திரி எட்டுக்கு நாடு மூடியது.
ஒன்பதுக்கு பெனிட்டா சிஸ்டர்:
'தள்ளி வச்சிருக்கோம். ரத்து இல்லைம்மா.'
தள்ளி என்றால் எவ்வளவு தூரம் என்று
கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து,
பத்திரம் முடிந்த வீட்டைக் காலி செய்யாதவளைப் போல
என் உடம்பில் இருந்தேன்.
களை எடுக்கக் குனிந்தால் இடப்பக்கம் சாய்வதில்லை.
ஊறுகாய் தொடுவதில்லை.
அவருக்கு நாளைக்கு முக்கால் லிட்டர்,
மாத்திரைக்கும் சேர்த்து.
பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார்.
அவர் கண்ணயர்ந்த பின் அடுப்படியில்
விளக்குப் போடாமல் நான் இரண்டு சொம்பு குடிப்பேன்.
பல் கூசும்.
தொண்டைச் சத்தம் வராமல் விழுங்கப் பழகினேன்.

வாரம் மூன்று நடை திண்டுக்கல்.
பஸ் இல்லை.
இ-பாஸ் இரண்டு தரம் திரும்பியது,
காரணம் போதாதாம்.
பூண்டுக்குக் கிடைத்தது.
பூண்டு அத்தியாவசியம்.
வடுகபட்டி சந்தைக்குப் போகிற ராயப்பன் மினி லாரி
எங்களுக்காகத் திண்டுக்கல் சுற்றிப் போனது.
மூட்டைக்கு நடுவே பாய், பாய்மேல் அவர்,
அவர் வீங்கிய காலைப் பிடித்தபடி நான்.
வெள்ளி அருவி சோதனைச்சாவடியில்
'என்ன லோடு?'
'பூண்டு சார்.'
படுதாவுக்குள் அவர் இருமலை விழுங்கினார்.
அந்தப் போலீஸுக்கும் கேட்டிருக்கும்.
தூக்கிய படுதாவை இறக்கிவிட்டு
'மெதுவாப் போ, வளைவுல கல்லு உருண்டு கிடக்கு' என்றார்.

'ரோட்டுல ஒரு விபத்து இல்லைங்க,
இந்த வருசந்தான் மலை நிம்மதியா இருக்கு.'
ராயப்பன் வார்டு வாசலில் நின்று சொன்னது
பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிட்டது.
நிலக்கோட்டை ஞானசௌந்தரி
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கொடுக்க அவளுக்கு வீட்டில் ஆள் இல்லை.
நாலு வருசமாக வரிசையில் இருக்கிறாள்.
யாரோ எங்கோ ஹெல்மெட் இல்லாமல் விழட்டும் என்று
நினைக்காமல் இருக்க
அவள் பட்ட பாடு அந்த முதுகில் தெரிந்தது.
ஜூலையில் அந்தக் கட்டிலில் வேறு ஆள்.
நாங்கள் விசாரிக்கவில்லை.

புதுத் தேதி அக்டோபர் எட்டு.
மூன்று நாள் இருக்கும்போது பரணில் ஏறினேன்.
புகை மூட்டிக் கட்டித் தொங்கவிட்ட பூண்டு, எழுநூறு கிலோ.
வாசனை இல்லை.
ஒரு பல்லை நசுக்கி மூக்கில் தேய்த்தேன்,
கண் எரிந்தது,
வாசனை இல்லை.
பூம்பாறைக்காரிக்குப் பரணில் பூண்டு மணக்கவில்லை என்றால்
டெஸ்ட் எதற்கு?
'கிட்ட வராதீங்க' என்று ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

பெனிட்டா சிஸ்டர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, 'மூணு மாசம் போகட்டும்' என்றார்.

பதினாறு நாள் பூண்டோடு படுத்தேன்.
கல்யாணத்துக்குப் பின் முதல்முறையாக அவர் சோறு வடித்தார்,
குழைந்த சோறு.
கயிற்றில் தூக்குவாளி ஏறும்.
கூடவே தினமும் ஒரு பானைத் தண்ணீர்,
அவர் ஒரு வாரம் குடிக்கிற அளவு.
'குடி. அதைக் கெடுத்துறாதே.'
எதை என்று நான் கேட்கவில்லை.
முதல்முறையாகச் சத்தம் வரக் குடித்தேன்.

இறங்கிய அன்று எதிரே நின்று ஏதோ சொன்னார்.
மறுநாள் திண்டுக்கல் போக வேண்டியவரின் வாயில்
முந்தின நாள் எழும் மூத்திர வாடை,
இத்தனை வருசம் நான் அவரிடம் சொல்லாத வாடை,
லேசாக,
மிக லேசாக வந்தது.

'இன்னொருக்காப் பேசுங்க' என்றேன்.