ஆள்கணக்கு

பட்டர்வொர்த் தளம். இரவு இரண்டு மணி.
விமானி எட்டுப் பேரை அழித்தேன்,
திரை பார்ப்பவர் முப்பது பேரைச் சேர்த்தேன்.
ரப்பர்த் தூளை ஊதிவிட்டேன்.

ஏவுகணை வர நாலு நிமிடமாம்.
ஃபெர்ரியில் அக்கரை போய்
வீட்டுக் கதவைத் தட்டவே
எனக்கு முக்கால் மணி.

கேப்டன் செங்கதிரோன் கேட்கிறான்:
"பறந்தால் படி கொடுத்தீர்கள்.
நாற்காலியில் விழித்திருந்தால்?"
விதிநூலைப் புரட்டினேன்.
விழிப்புக்கு விலை போட்டிருக்கவில்லை.

கொடிமலைப் பக்கம் திரையில் ஒரு புள்ளி.
யாரும் மூச்சுவிடவில்லை.
புள்ளி பரந்தது, கலைந்தது.
மழை.

எழுந்து நின்றவர்களை எண்ணினேன், தொழில் பழக்கம்.
பட்டியலில் ஒன்பது.
நின்றது பத்து.
தே ஓ கொண்டுவந்த ரொஸ்லான்
தட்டை நெஞ்சோடு அணைத்தபடி
இன்னும் அசையவில்லை.

இவனை எந்தக் கட்டத்தில் எழுத?