தூங்குமூஞ்சி மரத்தடி

ஓசூரிலிருந்து நின்றுகொண்டே வந்தோம்.
சூளகிரி தாண்டியும் சீட் கிடைக்கவில்லை.
இரவு ஷிப்ட் முடித்த மூன்று பேர்
ஒரே கம்பியில் தொங்கினோம்.
வலைத்தொப்பி நெற்றியில் அழுத்திய கோடு
மூவருக்கும் ஒரே உயரத்தில்.

அணைப் பூங்கா வாசலில்
டிக்கெட் கிழிப்பவர் கேட்டார்:
"கேமரா இருக்காம்மா?"
கோகிலவாணி போனைத் திருப்பிக் காட்டினாள்.
அதன் கண்மேல் கம்பெனி ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்.
"இதுக்குக் கண்ணு தெரியாதுண்ணா."
சிரித்துவிட்டார் மனுஷன்.
உள்ளே வந்ததும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.
பசை மட்டும் போகவில்லை.
அன்று எடுத்த படங்களில் எல்லாம்
அணைக்கு மேலே கொஞ்சம் புகை நிற்கிறது.

திட்டம் போட்டது நாகவேணி.
அஞ்செட்டிக்காரி, எதையும் எழுதி வைப்பாள்.
மாத்திரை அட்டையின் பின்னால்
எண் போட்டு எழுதியிருந்தாள்:
முதலில் மான். பிறகு ஊஞ்சல்,
பெரியவர்கள் ஆடக் கூடாது என்ற போர்டுக்கு
நேர் எதிரிலேயே.
மதகு பக்கம் போய்ப் பார்ப்பது. கடைசியில்
வறுத்த மீன், ஆளுக்கு ஒன்று முழுசாய்.

துப்பட்டாவை விரித்து
"அஞ்சே நிமிஷம்" என்று சாய்ந்தாள்.
அந்த மரத்துக்குப் பேரே தூங்குமூஞ்சி.

அஞ்சு நிமிஷம் போனது.
கோகிலவாணி எழுப்பக் கை நீட்டினாள்,
நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் தனியாய்ப் போய் மான் பார்த்துவிட்டு வந்தாள்.
"ஒண்ணுக்கு ஒரு கொம்புதான் இருக்கு" என்றாள்.
மறுபடி போனாள்.
உப்பு மிளகாய் தூவிய பெங்களூரா மாங்காயோடு வந்தாள்.

நான் குரங்கிடமிருந்து புளிசாதத்தைக் காத்தேன்.
ஒரு பொட்டலம் தோற்றேன்.
பக்கத்தில் ஒரு குடும்பம்
தெலுங்கில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானமானது.
உருண்டு வந்த பந்தை எடுக்க வந்த பையன்
தூங்குகிறவளைப் பார்த்து
தானே வாயில் விரல் வைத்துக்கொண்டு
பின்னாலேயே நடந்து போனான்.

லைனில் கழிப்பறைக்கு ஏழு நிமிஷம்.
எட்டானால் சூப்பர்வைசர் பேசமாட்டார்,
கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.
இங்கே ஓர் எறும்பு
அவள் முழங்கையில் ஏறி
வளையலைச் சுற்றி
வழி தெரியாமல் மறுபடி சுற்றியது.
எத்தனை முறை என்று
நான் எண்ணவில்லை.
எண்ணாமல் இருப்பதற்குக்
கொஞ்சம் பழக்கம் வேண்டியிருந்தது.

வெயில் மலைப்பக்கம் சாய்ந்தது.
எங்கிருந்தோ மீன் வறுக்கும் மணம்.
தலைக்கு மேலே
இலைகள் இரண்டிரண்டாய்
கைகூப்புவதுபோல் மூடத் தொடங்கின.
பகலெல்லாம் கூரையாய் இருந்தது
சல்லடை ஆனது.
அதன் வழியே இறங்கிய வானம்
அவள் கண்ணிமையில் பட்டது.
மரம் தூங்கப் போனது, இவள் எழுந்தாள்,
ஷிப்ட் மாறியதுபோல.

"லேட்டா?" என்று பதறினாள்.
துப்பட்டாவில் பாதி, புல்லில் பாதி.
கன்னம் முழுக்கப் புல் அச்சு.
நெற்றிக்கோடு இருந்த இடத்தில்
எதுவும் இல்லை.
வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு வந்தார்.
மதகைப் பார்க்க நேரமில்லை,
தண்ணீர்ச் சத்தத்தை மட்டும்
நடந்துகொண்டே கேட்டோம்.

மீன் கிடைத்தது.
முள்ளைக் கடைவாயில் ஒதுக்கியபடி
அட்டையை எடுத்து
நாலையும் டிக் அடித்தாள்.
"மான் நீ எங்கடி பாத்த?"
"நீ பாத்தியே, அது போதாதா?
பார்க் நல்லா இருந்துச்சு.
அடுத்த லீவுக்கும் இங்கயே வரலாம்."

கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம்.
இந்த முறை இரண்டு சீட் இருந்தது.
எங்களைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு
நாகவேணி கம்பியைப் பிடித்தாள்.
சூளகிரி வருவதற்குள்
என் தலை அவள் இடுப்பில்,
கோகிலவாணியின் தலை என் தோளில்.
யார் எழுப்பினாலும்
வாயில் விரல் வைத்திருப்பாள்
என்று தெரியும்.