தரைமட்டம்

நெய்வேலியில் காலியாகிப் பதினோரு மாதமான
நாற்பத்திரண்டாம் வட்டத்தின் நடுத்தெருவில்
மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
ஆண்டு மலருக்கு ஒரு படம் வேண்டுமாம்.
புகைப்படம் வேண்டாம், கையால் வரைந்தது,
கொஞ்சம் அழகாக.

முதலில் அந்த மண்ணாலேயே வரையலாமென்று
சுரங்க விளிம்பில் பொறுக்கிய துண்டைத்
தாளில் இழுத்துப் பார்த்தேன்.
பிடிக்கவில்லை.
பேருக்குத்தான் நிலக்கரி,
மரமாயிருந்ததை இன்னும் மறக்காத பொருள்.
உடைத்தால் நார் தெரிகிறது,
வெயிலில் வைத்தால் வெடித்து உதிர்கிறது.
பையிலிருந்த பென்சிலுக்கே திரும்பினேன்.

கதவில்லாத வீடுகளை வரைவது சுலபம்,
நிழலை நிரப்பினால் போதும்.
எண்களின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.
ஒரு சுவரில் சாக்பீஸில்
'இன்னைக்கு பால் வேணாம்'.
முற்றி வெடித்த காய்களோடு
பறிக்க ஆளில்லாத முருங்கை.
பிள்ளையாரை முதலிலேயே கொண்டுபோய்விட்டார்கள்,
பீடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்
எறும்புகளுக்கு.

முப்பது வருஷம் ஷிப்டுக்குப் போனவர்கள்
சைக்கிளில் போய்த் தோண்டிய பள்ளம்
ஒருநாள் நடந்து வந்து
அவர்கள் அடுப்படியில் நின்றது.
உங்கள் வீட்டுக்கடியிலும் இருக்கிறது என்றது கடிதம்.
இரண்டு மணிச் சங்கு இப்போதும் ஊதுகிறது.
தெருவில் யாரும் டிபன் பாக்ஸை மூடுவதில்லை.

'பர்மிஷன் இருக்கா?'
காவலுக்கு நிற்கும் ராசாங்கம்.
சீட்டைப் படித்துவிட்டுப் படத்தைப் படித்தார்.
'தண்ணித் தொட்டிக்கு ஆறு காலு.
நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க.'
எண்ணினேன். ஆறுதான்.

ஒரு கால் சேர்த்தேன்.
அவர் போகவில்லை.
'எங்க வீடு வரலியே இதுல.'
எந்த பிளாக் என்று கேட்டேன்.
பிளாக் இல்லை. அதற்கும் முன்னால்.
தாண்டவன்மேடு.
தொப்பியைக் கழற்றி அதாலேயே காட்டினார்,
வீடுகள் முடிந்து வேலி முடிந்து
நிலமே முடிகிற பக்கம்.

தண்டோரா போட்டபோது அவருக்கு ஏழு வயது.
முந்திரி காய்த்திருந்ததால் ஒரு மாதம் தவணை தந்தார்களாம்.
நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள்.
'இதோ, வேலைதான்' என்று
காண்டிராக்ட்காரன் பெயர் போட்ட சட்டையை
விரலால் சுண்டினார்.

சரி, எங்கே வரையட்டும்?
ஓவியனைப் போலவே
ஒற்றைக் கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினார்.
பிறகு தாளுக்கு வந்தது விரல்,
தொட்டிக்கு இடப்புறம்
நான் வானத்துக்கென்று விட்டிருந்த வெள்ளையில்.

'அங்கே வெறும் காற்றுதானே?'
'இப்ப காத்து.
அப்ப அதான் தரை.'

வரைந்தேன்.
இரண்டு அறை, நாட்டு ஓடு,
கிழக்குப் பார்த்த வாசல், பக்கத்தில் பலா.
அடியில் வேர் தொங்கவிடலாமா என்று
பென்சில் இறங்கியதும் தடுத்தார்.
'அதெல்லாம் வெளிய தெரியாதுங்க.'

'கொல்லையில ஒரு குழா.
மோட்டார் கெடயாது, தண்ணி தானா எழும்பி ஊத்தும்.'
இன்று சுரங்கம் மூழ்காமலிருக்க
ராத்திரி பகலாய் இறைத்துக் கொட்டுவது
அதே தண்ணீரைத்தான்.
குழாய் வரைந்தேன். தண்ணீர் வரைந்தேன்.
விழுவதற்குத் தரையில்லாமல் அது
தாளின் விளிம்புவரை போயிற்று.
நிறைய நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடணும் என்று
தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

மக்கள் தொடர்பு அதிகாரி
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'பிரமாதம் சார்.
இந்த மூலையில மங்கலா இருக்கே,
மேகமா?'

ஆமாம் என்றேன்.

மலர் அச்சாகி வந்தது, பக்கம் பதினான்கு.
தொட்டிக்குச் சரியாக ஆறு கால்.
மேகத்துக்குக் கிழக்கே வாசல்.