முதல் அடி காலி

எட்டு மடிக்கணினிக்கு ஒரே ஒரு மின்பலகை.
அதிலும் மூன்றாவது துளையில்
செருகினால் பொறி பறக்கும்.
வெள்ளி மாலை, ஃப்ரே பெந்தோஸ்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு.
காற்று திசை மாறினால் கூழ் ஆலையின்
வெந்த முட்டைக்கோஸ் வாடை.
ஜன்னலைச் சாத்துங்கள் என்று நான் சொல்வதும்
புழுங்குது டீச்சர் என்று அவர்கள் சொல்வதும்
பாடத்திட்டத்தில் உண்டு.

நான் கணக்கு டீச்சர். இசை தெரியாது.
தெரிந்ததெல்லாம்
ஒரு வரியின் ஓரத்தில் இரண்டு என்று போட்டால்
அது இருமடங்கு வேகத்தில் ஓடும் என்பது.
நசரேனாவுக்கு அது போதவில்லை.
நான்கு போட்டாள், எட்டு போட்டாள்,
ஆயிரத்து இருபத்து நான்கு போட்டாள்.
முரசு
ஈயாகி, விசிலாகி,
கடைசியில் அடுத்த அறை வரலாற்று ஆசிரியராகி
கதவைத் தட்டியது.

எல்லோரும் எழுதுவது ஒரே பக்கத்தில்.
ஆளுக்கொரு நிறம்.
என் சுட்டி பழுப்பு.
ஃபௌஸ்தோ பச்சை; எழுதி முடிக்குமுன் அழிப்பான்.
யமிலா ஊதா; அடைப்புக்குறியைத் திறப்பாள், மூட மாட்டாள்.
வீட்டில் ஃபிரிட்ஜையும் அப்படித்தான் என்றாள் அவள் தங்கை.
சிரோ மஞ்சள்.

சிரோ பேச மாட்டான்.
வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டால்
இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும்,
மனிதர் மட்டும் படிக்கலாம்.
அங்கேதான் அவன் குடியிருந்தான்.

// அம்மாவுக்கு இன்று இரவு ஷிஃப்ட்
// இந்த மணி பல் டாக்டர் மாதிரி இருக்கு
// கந்தோம்பேயில் சின்ன முரசு
// முதல் அடியை அடிப்பதில்லை. ஏன்?

ஒரு வாரம் யோசித்து
பழுப்பில் எழுதினேன்:
// எனக்கும் தெரியாது

நவம்பர். பழைய இறைச்சி ஆலைக் கொட்டகை.
கூரையில் இன்னும் கொக்கிகள்.
சுவர் முழுக்க எங்கள் திரை.
ஒளித்து வாசிக்க எங்களிடம் ஒன்றுமில்லை,
பிழைகூட ஆளுயரச் சிவப்பில் தெரியும்.
கீழே பெற்றோர், மாத்தே குடுவைகள்,
ஒரு நாய்.

நான் ஓர் அடிநாதம் எழுதி வைத்திருந்தேன்.
மூன்று வார வேலை.
ஐந்தும் ஏழும் பதினொன்றும்
தனித்தனியே சுற்றிச் சுற்றி வந்து
முந்நூற்று எண்பத்தைந்தாம் அடியில்
கைகோத்துக்கொள்ளும்.
அது தொடங்கியதும்
நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, பொய் சொல்வானேன்.

நூற்றிருபது தாண்டியிருக்கும்.
சுவரில் சிவப்பு. யமிலா.
பிழை விழுந்தால் இசை நிற்காது,
திருத்தும்வரை பழைய வரியே ஓடும்.
அவள் உதட்டைக் கடித்துத் தேடிக்கொண்டிருக்க
லாரி ஓட்டும் மாமா நாற்காலியை விட்டெழுந்து
“அடைப்பை மூடும்மா!” என்று கத்தினார்.
கொட்டகையே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்
மஞ்சள் சுட்டி மெல்ல மேலேறியதை
நான் மட்டும்தான் பார்த்தேன்.
என் வரியின் தலைமாட்டில் வந்து நின்றது.
இரண்டு சாய்கோடு.

அடிநாதம் போயிற்று.
எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
இரண்டே தட்டில் மீட்டுவிடலாம்.
பழுப்புச் சுட்டி அதே இடத்தில்
மினுக்கிக்கொண்டிருந்தது.

கனம் போன பிறகுதான் கேட்டது
நசரேனாவின் சின்ன முரசு:
காலி, தட், தட், தட்.
காலி, தட், தட், தட்.
அந்தக் காலியில்
முன்வரிசையில் ஒரு பெண்மணி
செருப்புக் காலால் தரையைத் தட்டினார்.
அடுத்த சுற்றில் அவர் வரிசை.
அதற்கடுத்த சுற்றில்
மேலே கொக்கிகள் ஆடின.

சுவரில் மஞ்சள் எழுத்து:
// இதுக்குத்தான் போல

என் வரியும் அங்கேயேதான் இருந்தது.
எல்லோரும் படிக்கலாம்,
இயந்திரத்தைத் தவிர.
முந்நூற்று எண்பத்தைந்து எப்போது வந்து போனதென்று
நான் எண்ணவில்லை.
நானும் காலால் தட்டினேன்,
கொஞ்சம் பிந்தி.