மாதா காலண்டர்

வியாழன் இரவு எட்டே முக்கால்.
கோயிலுக்குப் பின்னால் மறைக்கல்வி வகுப்பறை.
மூன்று பிளாஸ்டிக் மேசை,
தாள் சிக்கினால் மட்டும் பேசும் ஒரு பிரிண்டர்.
வெள்ளைப் பலகையில் பத்துக் கட்டளைகள்
ஏழாவதோடு நிற்கின்றன;
அதற்குள் மணி அடித்திருக்கும்.

பகலில் நான் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்.
இங்கே செய்வதைச் சேவை என்று
பங்கு அறிக்கையில் போடுவார்கள்.
எனக்குத் தெரிந்ததென்னவோ
கூட்டலும் பெருக்கலும்தான்.

லாரி இறக்கிவிட்டுப் போனதும்
பூவராகன் வந்தார்.
ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர்,
பாசிர் ரிஸ்ஸில் கம்பி கட்டுகிறார்.
வாசலில் பூட்ஸைக் கழற்ற,
"போட்டுக்கிட்டே வாங்க" என்றேன்.
கேட்கவில்லை.
சாக்ஸிலிருந்த சிமெண்ட்
தரையில் வெள்ளைப் பாதங்களாய் இறங்கி
நாற்காலிவரை வந்து நின்றது.

ஏழு மாத ஓவர்டைம் பாக்கி.

"சம்பளச் சீட்டு?"
"கொடுக்க மாட்டாங்க மிஸ்."
"எத்தனை மணிநேரம் பார்த்தீங்கன்னு
எங்கேயாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

பைக்குள் கைவிட்டு
ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சுருளை எடுத்தார்.
போன வருஷத்துக் காலண்டர்.
மாதத்துக்கு ஒரு மாதா.
நாளுக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் பென்சிலில் ஓர் எண்.
ஜூன் மூன்று, பதின்மூன்று.
ஜூன் நான்கு, பன்னிரண்டரை.
ஆகஸ்டு பதினைந்து, விண்ணேற்புத் திருவிழா,
சிவப்பெழுத்து:
பதினான்கு.

அடியில் தங்க நிறத்தில் கம்பெனியின் பெயர்.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் முதுகுக்குப் பின்னால் சுவரோரம்
சனிக்கிழமை ஓரறை வீடுகளுக்குப் போகவேண்டிய
நாற்பது அரிசி மூட்டைகள்.
ஒவ்வொன்றிலும் அன்பளிப்புச் சீட்டு.
அதே பெயர்.
அதே தங்கம்.

அவர்களை எனக்குத் தெரியும்.
முன்னாலிருந்து மூன்றாம் பெஞ்சு.
சமாதானம் சொல்லும்போது அந்த அம்மா
என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடிப்பார்.
என் அப்பா அடக்கத்துக்கு
முதலில் வந்த மலர்வளையம் அவர்களுடையது.
கடைசிவரை நின்று
மண் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.
அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஸ்டேப்ளர் வாங்க வந்த ஃபிலோமினா சியா
காலண்டரைப் பார்த்தார்.
மூட்டைகளைப் பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத்
திரும்பப் போட்டுக்கொண்டார்.
"பேரில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்,"
அவ்வளவுதான்,
ஸ்டேப்ளருடன் போய்விட்டார்.

முதலாளி பெயர் என்ற இடத்தில்
எதையும் பார்க்காமல் எழுதினேன்.
தொலைபேசி எண்
என் கைப்பேசியிலேயே இருந்தது.

கூட்டிக்கொண்டே வந்தேன்.
டிசம்பரில் அவர் கை குறுக்கே வந்தது.
"இருபத்தஞ்சை மட்டும் விட்டுடுங்க மிஸ்.
அன்னிக்கு மொதலாளியே வந்து
எல்லாருக்கும் கேக்கு கொடுத்தாரு."

கட்டத்தைப் பார்த்தேன். பதினொன்று.
"கேக் தனி" என்றேன்.
"மணி தனி."

யோசித்தார்.
மற்றவர்களுக்கும் பாக்கி உண்டு,
அவர்கள் குறிக்கவில்லை என்றார்.
பிறகு தமிழில், தலைப்பெழுத்தோடு,
பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி
முழுப்பெயரையும் கையெழுத்தாகப் போட்டார்.

காலண்டர் திரும்ப வேண்டுமாம்.
கட்டிலுக்கு மேல் மாட்டியிருக்கிறாராம்.
"வருஷம் முடிஞ்சா என்ன மிஸ், படம் நல்லாருக்கு."

ஏழு தாள்களையும் நகலெடுக்கப் போனேன்.
முதல் நகலில் மாதா அப்படியே வந்தாள்,
நீல முக்காடு சாம்பலாகி, புன்னகை மாறாமல்.
பென்சில் மட்டும் விழவில்லை.
கட்டமெல்லாம் காலி.

கருமையை ஒரு புள்ளி கூட்டினேன்.
பிறகு இன்னொன்று.
எண்கள் ஒவ்வொன்றாய் மேலே வந்தன.
அவள் முகம் இருண்டுகொண்டே போனது,
ஜூன், ஜூலை, ஆகஸ்டு,
டிசம்பர்வரை.