நாலு மில்லிமீட்டர்

மணிக்கணக்கு மீட்டரில் பதினொன்று புள்ளி மூன்று.
இருபத்து நாலு குதிரை, ஒன்றும் எழுந்திருக்கவில்லை.
சாவியைத் திருப்பினால்
சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது,
என்னை எங்கேயோ பார்த்த மாதிரி.
பானெட்டில் பூஜை போட்ட சாமந்தி மாலை
நாராகித் தொங்குகிறது.

இலவம்பாடியில் முள்ளுக்கத்தரி வரிசை நடுவே
நுழைகிற வண்டி வேண்டுமென்று
நானே டேப் பிடித்து அளந்து வாங்கியது.
அகலத்தை அளந்தேன்.
என் காலை யாரும் அளக்கச் சொல்லவில்லை.

முதல் போனுக்கு, "லஞ்ச் டைம் மேடம்."
இரண்டாம் போனுக்கு வயலின்.
மூன்றாவதில் தசரதன்,
டெலிவரி அன்று கேசரி நீட்டிய அதே குரல்:
"புது வண்டிமா, செட்டாவணும். கொஞ்சம் ஓட்டிப் பாருங்க."
ஓடாததை எப்படி ஓட்டிப் பார்ப்பது
என்று கேட்பதற்குள் டவர் போனது.

செவ்வாய் மத்தியானம் நித்தியானந்தம் வந்தார்,
அணைக்கட்டு ரோட்டு வெயில் மொத்தமும் முதுகில்.
ஆறடி ஆள். ஏறினார், மிதித்தார், திருப்பினார்.
எழுந்தது சனியன்.
"இன்னா கம்ப்ளைண்ட்டு? நல்லாத்தான கீது."
ஜாப் கார்டில் எழுதி நீட்டினார்.
கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் படித்தேன்:
கஸ்டமருக்கு இயக்கத் தெரியவில்லை. விளக்கப்பட்டது.

மறுநாள் காலை மறுபடி சிவப்பு.
ஆம்பூர் ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போகுமுன்
இருட்டிலேயே அவர் ஸ்டார்ட் பண்ணித் தருவார்.
அணைத்தால் போச்சு.
கத்தரிக்கு மண் தள்ளி முடிகிற வரை
டீக்குக்கூட அணைக்காமல்
டீசலைக் குடிக்கவிட்டு நான் குடிக்காமல்.
"உன்னக் கண்டா பயம் அதுக்கு," என்று சிரித்தார்.
சீட்டை முன்னே தள்ளியாகிவிட்டது,
இனி தள்ளினால் பானெட்டில்தான் உட்காரணும்.

இதற்கிடையில் முன் ஆக்சிலில் எண்ணெய்.
போட்டோ அனுப்பினேன். போட்டோ தெளிவில்லையாம்.
தெளிவாக அனுப்பினேன். கம்பெனிக்குப் போயிருக்காம்.
அஞ்சாம் தேதி தவணை மட்டும்
அஞ்சாம் தேதியே வந்தது.

ஆறாம் தேதி பஸ் ஏறி
சத்துவாச்சாரி ஷோரூமுக்குப் போனேன்.
கண்ணாடிக்குள் அதே மாடல், அதே சிவப்பு,
சக்கரத்தில் மண்ணே படாமல்.
"சாவி குடுங்க," என்றேன்.
தசரதன் காபி சொல்லட்டுமா என்றார்.
"சாவி."

ஏறி உட்கார்ந்தேன்.
முழுக்க, முட்டி வலிக்க, மிதித்தேன்.
திருப்பினேன்.
சிவப்பு விளக்கு.
ஏசி சத்தம் மட்டும் கேட்டது.
விலை விசாரிக்க வந்த குடியாத்தம்காரர் ஒருவர்
கையிலிருந்த நோட்டீஸை மெல்ல மேசையில் வைத்தார்.

"அக்கா, காலை எடுக்காதீங்க."
தரையில் படுத்திருந்தான் ஒரு பையன்,
ஐ.டி.ஐ. முடித்து மூன்று மாதமான டிரெய்னி,
விஷாரத்து இனாயத்.
செல் வெளிச்சத்தை மேலே பிடித்தான்.
"மிதி சுவிட்சைத் தொடவே இல்ல.
நாலு மில்லி பாக்கி கீது."

மறுநாள் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு வந்தான்.
இரண்டு போல்ட், ஒரு வாஷர்,
அவன் தம்ளர் மோர் ஆறுவதற்குள்,
அது ஏற்கெனவே ஆறினது, அதற்குள் முடிந்தது.
இந்தத் தடவை முதலில் படித்தேன்:
கிளட்ச் சுவிட்ச் பிராக்கெட் 4 மி.மீ. ஏற்றப்பட்டது.
"இன்னொரு வரி எழுது," என்றேன்.
"இன்னா எழுத?"
சொன்னேன்.
பேனாவை உதறி எழுதினான்:
கஸ்டமருக்கு இயக்க தெறியும்.
பெரிய றகரம் போட்டிருந்தான். இருக்கட்டும்.

ஆக்சில் சீல் புனேயிலிருந்து வரணுமாம்.
பெயிண்ட் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன் அடியில்.
ராத்திரி சொட்டுகிறது,
காலையில் நானே ஸ்டார்ட் பண்ணி
டப்பாவைத் தாண்டி ஓட்டிப் போகிறேன்.